என் மீட்டரிலிருந்து என் காருக்கு ஒரு வயர்: அடுக்குமாடிச் சங்க நிர்வாகிகளுக்குத் திறந்த மடல்

சென்னையிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கங்களின் தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்கள், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் மடிப்பாக்கத்தில் 40 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பில் வசிக்கிறேன். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையின் மின்பராமரிப்புப் பிரிவில் வேலை. போக 40, வர 40 என்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர் கார் ஓட்டுகிறேன். தாம்பரம் தாண்டி, படப்பை வழியாகப் போகும் அந்தச் சாலையில் காலை ஷிப்டுக்கு நேரத்தோடு போய்ச் சேர வேண்டுமானால் ஐந்தேகாலுக்கு வீட்டை விட்டுக் கிளம்பியாக வேண்டும். அந்த நேரத்தில் எனக்குப் பஸ் தோதாக அமைவதில்லை. அதனால்தான் 2024 ஜூனில், பழைய பெட்ரோல் காரைக் கொடுத்துவிட்டு, இரண்டு வருடம் ஓடிய நெக்ஸான் மின்சாரக் கார் ஒன்றை வாங்கினேன். அதன் பேட்டரி 30 யூனிட் கொள்ளும். முழுதாக ஏற்றினால் என் ஓட்டத்துக்கு 200 கிலோமீட்டர் தாராளமாக வரும்.

கார் வந்த மறுநாளே எங்கள் சங்கத்துக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். என் வீட்டு மீட்டரிலிருந்து நான் கார் நிறுத்தும் இடத்துக்கு என் செலவில் ஒரு கேபிள் இழுத்து, ஒரு 15 ஆம்பியர் பாயிண்ட் வைத்துக்கொள்கிறேன், அனுமதி தாருங்கள் என்பதுதான் மனு. அனுமதி கைக்கு வர எட்டு மாதம் ஆயிற்று. அந்த எட்டு மாதத்தில் யாரும் என்னிடம் கடுமையாகப் பேசவில்லை. 'கூடாது' என்றும் எவரும் எழுதித் தரவில்லை. அடுத்த கூட்டத்தில் பேசலாம், இன்னும் நான்கு பேர் கேட்கட்டும், பக்கத்துக் குடியிருப்பில் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே போனார்கள். சங்கப் பொறுப்பில் இருப்பவர்கள் சம்பளம் வாங்காமல் உழைப்பவர்கள். தண்ணீர் லாரி, லிப்ட் பழுது, செக்யூரிட்டி விடுப்பு என்று அவர்கள் தலைமேல் ஆயிரம் இருக்கிறது. அவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. இதே மனு இன்று உங்கள் மேசையிலும் கிடக்கலாம் என்பதால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் பதில் சொல்லாமல் இருந்தால் குடியிருப்பில் யாரும் சார்ஜ் செய்ய மாட்டார்கள் என்று நினைக்கிறீர்கள். அது நடப்பதில்லை. வண்டி வாங்கியவர் எப்படியாவது சார்ஜ் செய்யத்தான் செய்வார். உங்களுக்குத் தெரியாமல், உங்கள் கண்காணிப்பு இல்லாமல், கிடைத்த வயரில் செய்வார்.

எங்கள் குடியிருப்பில் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். இரண்டாம் மாடியில் ஒரு செவிலியர் வாடகைக்கு இருக்கிறார். இரவுப் பணிக்குப் போய்வர மின் ஸ்கூட்டர் வைத்திருக்கிறார். அவரும் பாயிண்ட் கேட்டார். வாடகைதாரர் என்பதால் அவர் மனு கூட்டத்துக்கே வரவில்லை. வேறு வழி தெரியாமல், பால்கனியிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் வயரைக் கீழே இறக்கி, ஸ்கூட்டரில் சொருகிவிட்டுப் பகலில் தூங்கப் போவார். நவம்பரில் ஒரு நாள், தூறல் விட்ட நேரத்தில், தரையில் கிடந்த அந்த எக்ஸ்டென்ஷன் பெட்டியைப் பார்த்தேன். மீதி வயரை வளையம் வளையமாகச் சுருட்டி, அதை ஒரு பாலிதீன் பைக்குள் வைத்து, பெட்டியின் மேல் கவிழ்த்த பிளாஸ்டிக் வாளியால் மூடியிருந்தார். மழை படக்கூடாது என்று அவ்வளவு கவனம். மேலே போய் அவரை எழுப்பி, ஸ்விட்சை அணைக்கச் சொல்லிவிட்டு வந்து வாளியைத் தூக்கினேன். கருகிய ரப்பர் வாடை அடித்தது. மூன்று பின் பிளக்கின் ஒரு பின்னைச் சுற்றி வெள்ளை நிறம் பழுப்பாகி, ஓரத்தில் இளகி ஒரு பக்கம் சரிந்திருந்தது. சுருட்டிய வயரைத் தொட்டேன். சுட்டது.

மின்வேலை தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் இருக்காது. மெல்லிய வயரில் மணிக்கணக்கில் கரன்ட் ஓடினால் சூடாகும். சுருட்டி வைத்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லை. தளர்ந்த பிளக்கில் சூடு இன்னும் கூடும். ஸ்கூட்டர் இழுப்பது கார் இழுப்பதில் சிறு பங்குதான். அதற்கே இந்தக் கதி. அன்று அவர் சிவந்த கண்களோடு, "அண்ணா, எனக்கு வேற வழி சொல்லுங்க" என்று கேட்டார். என்னிடம் பதில் இருந்தது. அனுமதி மட்டும் இல்லை.

என் கதையும் அப்போது அவ்வளவு நன்றாக இல்லை. இரண்டு நாளுக்கு ஒருமுறை, வேலை முடிந்து வரும் வழியில், ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையில் ஒரு பொதுச் சார்ஜிங் நிலையத்தில் நிற்பேன். முன்னால் ஒரு வண்டி இருந்தால் அது முடியும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு என் வண்டிக்கு ஒரு மணி நேரம். ஒரு யூனிட்டுக்கு வீட்டுக் கட்டணத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் ஆகும். அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. வரி. வீட்டுக்கு வந்து சேர்ந்தால் பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள். இன்று எல்லாம் மாறிவிட்டது. இரவு வந்ததும் கேபிளைச் சொருகிவிட்டு மேலே போகிறேன். 11 மணிக்கு டைமர் தானாகத் தொடங்கி வைக்கிறது. நான்கு மணி நேரத்தில் அன்று ஓட்டியது முழுவதும் திரும்ப ஏறிவிடுகிறது. ஏறத்தாழ 13 யூனிட். காலையில் பிடுங்கிவிட்டுப் போகிறேன். கரன்ட் பில் இரண்டு மாதத்துக்கு 6,000 ரூபாய்போலக் கூடியிருக்கிறது. அந்த இரண்டு மாதத்தில் ஓட்டும் 4,000 கிலோமீட்டருக்கு முன்பு பெட்ரோலுக்கு 27,000 ரூபாய் போயிற்று. சம்பளக்காரன் வீட்டில் மாதம் பத்தாயிரம் ரூபாய் என்பது ஒரு பிள்ளையின் படிப்பு.

இனி, எங்கள் கூட்டங்களில் எழுந்த அச்சங்களுக்கு வருகிறேன். உங்கள் கூட்டங்களிலும் இவைதான் எழும்.

"மூன்றாம் மாடியிலிருந்து கீழே எப்படி வயர் இழுப்பது, சுவரெல்லாம் பாழாகாதா?" என்று கேட்டார்கள். மூன்றாம் மாடிக்குப் போகவே தேவையில்லை. நம் குடியிருப்புகளில் பெரும்பாலும் எல்லா வீட்டு மீட்டர்களும் தரைத்தளத்தில், ஒரே மீட்டர் அறையிலோ படிக்கட்டுக்கு அடியிலோ வரிசையாக இருக்கின்றன. கார் நிற்பதும் அதே தளம். மீட்டருக்குப் பிறகு ஒரு பிரிவு எடுத்து, கூரையை ஒட்டிக் குழாயில் கொண்டுபோனால் முடிந்தது. எனக்கு 34 மீட்டர் கேபிள் தேவைப்பட்டது. இந்த எளிய விஷயம் எங்கள் கூட்டத்தில் ஆறாவது மாதம்தான் பேச்சில் வந்தது. அதுவரை எல்லோர் மனத்திலும் மாடியிலிருந்து தொங்கும் வயர்தான் இருந்தது.

"நம் பொதுப் பணத்தில் ஒருவர் கார் ஓட்டுவதா?" என்றார் ஒருவர். நியாயமான கேள்வி. பொது மீட்டரிலிருந்து எடுக்காதீர்கள் என்பதே அதற்குப் பதில். பொதுப் பயன்பாட்டு இணைப்புக்குக் கட்டணம் வேறு; வீடுகளுக்குக் கிடைக்கும் இலவச யூனிட் சலுகையும் அதற்குக் கிடையாது. சப் மீட்டர் வைத்துக் கணக்குப் பார்க்கலாம் என்றாலும், மாதாமாதம் அளவு எடுத்து, பணம் வசூலித்து, பாக்கிக்குச் சண்டை போடும் வேலை பொருளாளர் தலையில் விழும். அவரவர் மீட்டரில் அவரவர் வயர் என்றால் சங்கத்துக்கு ஒரு பைசா கணக்கும் இல்லை.

அடுத்து, தீ. இந்த அச்சத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். 2022 கோடையில் மின் ஸ்கூட்டர்கள் சில எரிந்த காட்சிகளை நாம் எல்லோரும் பார்த்தோம். லித்தியம் பேட்டரி பற்றிக்கொண்டால் அணைப்பது கடினம். நிறையத் தண்ணீர் வேண்டும், அணைந்த பிறகும் மீண்டும் பற்றலாம். அந்தச் சம்பவங்களுக்குப் பிறகுதான் மத்திய அரசு பேட்டரிப் பாதுகாப்பு விதிகளை இறுக்கியது. இருசக்கர வண்டிகளுக்கு ஏ.ஐ.எஸ். 156, கார்களுக்கு ஏ.ஐ.எஸ். 038 என்ற தரநிலைகள் திருத்தப்பட்டு, 2022 டிசம்பரில் தொடங்கி இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தன. என் காரில் இருப்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. மற்ற லித்தியம் வகைகளைவிட அது வெப்பத்தைத் தாங்கும். இவ்வளவும் சொன்ன பிறகும், ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பக்கத்திலேயே 35 லிட்டர் பெட்ரோலோடு நிற்கும் கார்களிலும் ஆபத்து இருக்கிறது. ஆனால் சார்ஜ் செய்யும் இடத்தில் என் அனுபவத்தில் முதலில் கெடுவது பிளக், சாக்கெட், வயர் இணைப்பு ஆகியவைதான். இவை மூன்றும் உங்கள் கட்டுப்பாட்டுக்குள் வரக்கூடியவை. நீங்கள் அனுமதி கொடுத்து, நிபந்தனை போட்டால்தான் வரும்.

அந்த நிபந்தனைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இது என் தொழில். இதில் அரைகுறை வேலை பார்த்தால் எனக்கு ஆறாது.

காரின் சார்ஜர் 3.3 கிலோவாட் இழுக்கும். வீட்டு கீசரும் ஏறத்தாழ அவ்வளவுதான் இழுக்கிறது, அதற்கு யார் பயப்படுகிறோம் என்று சிலர் கேட்பார்கள். கீசர் கால்மணி நேரத்தில் தானாக நின்றுவிடும். கார் 15 ஆம்பியர் வரை விடாமல் நான்கு மணி, எட்டு மணி என்று இழுத்துக்கொண்டே இருக்கும். எல்லா வித்தியாசமும் அதில்தான். ஆகவே குறைந்தது 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் வேண்டும். தூரம் 40, 50 மீட்டர் என்று போனால் 6 சதுர மில்லிமீட்டர் போடுவது நல்லது. இல்லாவிட்டால் வழியிலேயே வோல்டேஜ் இறங்கும். மீட்டர் பக்கம், பளு மிஞ்சினால் தானாக அணையும் தனி எம்.சி.பி. ஸ்விட்ச் வேண்டும். மின்கசிவைக் கண்டதும் மின்சாரத்தை அறுத்துவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம் வேண்டும், இது மனித உயிரைக் காப்பது, இதில் பேரம் பேசக்கூடாது. எர்த் சரியாக இருக்கிறதா என்று கருவி வைத்து அளந்து, அந்த அளவை எழுதி வாங்குங்கள். பழைய குடியிருப்புகள் பலவற்றில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றி வருடக்கணக்காகியிருக்கும். எர்த் இல்லையென்றால் பல கார்கள் சார்ஜ் ஏற்றவே மறுக்கும். அப்போது சிலர் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துக் கட்டிக் காரை ஏமாற்றுகிறார்கள். அது கொலைக்கு ஒப்பான வேலை. எந்த எலக்ட்ரீஷியனையும் அப்படிச் செய்ய விடாதீர்கள். சாதாரண வீட்டு சாக்கெட்டைவிட, மூடி போட்ட தொழிற்சாலை வகை சாக்கெட் நீண்ட நாள் உழைக்கும்.

உயரத்தையும் பாருங்கள். எங்கள் கார் நிறுத்தும் தளத்தின் தூண்களில் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது நின்ற தண்ணீரின் கறை இன்னும் இருக்கிறது. தொடைவரை. 2015 வெள்ளத்தில் அதற்கும் மேலே ஏறியது என்று பழைய ஆட்கள் கைகாட்டுவார்கள். என் சாக்கெட்டை ஐந்தடி உயரத்தில் வைத்திருக்கிறேன். கனமழை எச்சரிக்கை வந்தால் காரை எடுக்கிறேனோ இல்லையோ, முதலில் எம்.சி.பி.யை அணைத்துவிடுகிறேன். மழைக்கு முந்திய நாளே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தும் ஊர்க்காரர்கள் நாங்கள். எங்களுக்கு இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"நாளைக்கு 40 பேரும் கேட்டால் டிரான்ஸ்பார்மர் தாங்குமா?" என்பதுதான் எங்கள் கூட்டத்தில் கடைசியாக வந்த கேள்வி, கேள்விகளில் சிறந்ததும் அதுதான். 40 வீட்டிலும் ஒரே நொடியில் 3.3 கிலோவாட் இழுத்தால் 132 கிலோவாட். தாங்காதுதான். ஆனால் எல்லோரும் என்னைப்போல 80 கிலோமீட்டர் ஓட்டுவதில்லை. கிண்டிக்கும் தரமணிக்கும் போய்வருகிறவர்கள் 25, 30 கிலோமீட்டர்தான் ஓட்டுகிறார்கள். அவர்களுக்கு நாளொன்றுக்கு ஐந்து யூனிட் போதும், ஒன்றரை மணி நேர வேலை. மாலை 6 முதல் 10 வரை யாரும் சார்ஜ் போடக்கூடாது, இரவு 11 முதல் காலை 5 வரைதான் என்று ஒரு விதி போட்டு, அதற்குள் முறை வைத்தாலே பாதிச் சிக்கல் தீரும். அவரவர் இணைப்பின் அனுமதிக்கப்பட்ட மின்பளு போதவில்லை என்றால், கூடுதல் பளு கேட்டு மின்வாரியத்துக்கு விண்ணப்பித்துப் பணம் கட்டிய பிறகே பாயிண்ட் என்று எழுதிக்கொள்ளுங்கள். நானும் அப்படித்தான் கட்டினேன். வண்டிகள் பத்தைத் தாண்டும்போது, இருக்கும் மின்சாரத்தைத் தாங்களாகவே பங்கிட்டுக்கொள்ளும் சார்ஜர்கள் சந்தையில் இருக்கின்றன. அப்போது குடியிருப்பாகச் சேர்ந்து யோசிக்கலாம். நாற்பதாவது கார் வரும்போது என்ன செய்வது என்று தெரியவில்லை என்பதற்காக முதல் காரை நிறுத்தி வைக்காதீர்கள்.

சட்டத்தைக் கடைசியாகச் சொல்கிறேன். அண்டை வீட்டாரிடம் சட்டம் பேசுவது எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. ஆனாலும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இருக்கிறது. வீட்டிலும் அலுவலகத்திலும் ஏற்கெனவே உள்ள மின் இணைப்பிலிருந்தே வண்டியைச் சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய மின்துறை அமைச்சகம் 2022 ஜனவரியிலேயே வழிகாட்டுதலில் சொல்லிவிட்டது. 2024 செப்டம்பரில் வந்த புதிய வழிகாட்டுதலும் அதையே சொல்கிறது. 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, வண்டிச் சார்ஜுக்கென்றே தனி இணைப்பு கேட்டும் பெறலாம். புதிய கட்டடங்களில் வண்டி நிறுத்துமிடத்தில் 20 சதவீதத்துக்கு சார்ஜ் வசதி திட்டமிடப்பட வேண்டும் என்று 2019இல் மத்திய அரசின் மாதிரிக் கட்டட விதிகளில் சேர்த்தார்கள். நான் செப்டம்பர் வழிகாட்டுதலை அச்செடுத்து எங்கள் செயலாளர் ஐயாவிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் படித்துவிட்டு, "இதை முதல் நாளே கொடுத்திருக்கலாமே தம்பி" என்றார். முதல் நாள் அது வெளிவந்திருக்கவில்லை. ஆனால் 2022இல் வந்தது இருந்தது. அதை நான் அவரிடம் கொண்டுபோய்க் காட்டவில்லை, அது என் தவறு. அதனால்தான் இதை உங்களுக்கு முன்கூட்டியே எழுதுகிறேன்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய வேலை இல்லை. வருகிற பொதுக்குழுவில் ஒரு பக்கத் தீர்மானம் ஒன்று நிறைவேற்றுங்கள். சார்ஜிங் பாயிண்ட் கேட்டு மனு வந்தால் முப்பது நாளுக்குள் எழுத்தில் பதில், மறுத்தால் காரணத்தோடு மறுப்பு. கேபிள், எம்.சி.பி., ஆர்.சி.சி.பி., எர்த் அளவு இன்னவை இருக்க வேண்டும் என்ற நிபந்தனை. உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் செய்து கையெழுத்திட்ட சான்று. வருடத்துக்கு ஒருமுறை சோதனை. பால்கனி வயருக்குத் தடை. தடையோடு அதற்கு மாற்று வழி. ஸ்கூட்டர் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய், கூடத்தில் பிள்ளைகள் படுத்திருக்கும் இடத்தில் இரவெல்லாம் சார்ஜ் போடுகிறவர்கள் பல வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் கீழே ஓர் இடம் காட்டுங்கள்.

இன்னொன்றையும் அழுத்திக் கேட்கிறேன். வாடகைக்கு இருப்பவர்களை விட்டுவிடாதீர்கள். இந்த ஊரில் வேலைக்குப் போகிறவர்களில் எத்தனையோ பேர் வாடகை வீட்டில்தான் இருக்கிறார்கள். பொதுக்குழுவில் அவர்களுக்கு வாக்கு இல்லை. ஆனால் பராமரிப்புத் தொகை அவர்கள் கையிலிருந்துதான் வருகிறது, கரன்ட் பில்லும் அவர்கள்தான் கட்டுகிறார்கள். வீட்டு உரிமையாளர் ஒரு வரி சம்மதம் எழுதித் தந்தால் அவர்கள் மனுவையும் உரிமையாளர் மனுவைப்போலவே எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் செவிலியர் இப்போது தன் மருத்துவமனையிலேயே ஸ்கூட்டரைச் சார்ஜ் செய்துகொள்கிறார். அங்கு இடம் கிடைக்காத நாட்களில் பஸ்ஸில் வருகிறார். வெளிநாட்டில் இருக்கும் அவருடைய வீட்டு உரிமையாளர் சம்மதக் கடிதம் அனுப்பிவிட்டார். அடுத்த மாதம் நடக்கும் எங்கள் பொதுக்குழுவில் நான்காவது பொருளாக அவர் மனு வைக்கப்பட்டிருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை மீட்டர் அறையிலிருந்து அவர் ஸ்கூட்டர் நிற்கும் இடம்வரை டேப் பிடித்து அளந்து பார்த்தேன். 18 மீட்டர் வந்தது.

இப்படிக்கு,
மடிப்பாக்கத்தில் குடியிருக்கும் ஒரு மின்பராமரிப்புப் பணியாளர்